முந்தானையில் முடிந்த பியூஸ் கட்டை

இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஒற்று எங்கே போட வேண்டும் என்று யோசிப்பதற்குள் சொல்ல வந்தது பாதி போய்விடுகிறது. மறதியும் கூடிவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருப்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் தெருவில் இருக்கும் டீச்சரம்மா ஒருவர்தான், "அந்தக் காலத்துல இங்க பொம்பளைங்களுக்கு வயரிங் கத்துக் குடுத்தாங்களாமே, நீங்க அதுல இருந்தீங்களாமே, எழுதிக் குடுங்க ஆயா" என்று விடாமல் கேட்டார். நேரில் சொல்லத்தான் கேட்டார். எனக்கு எதிரில் ஆளை வைத்துக்கொண்டு பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியா, எண்பதுகளின் தொடக்கமா என்று உறுதியாகத் தெரியவில்லை. என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் குடியிருக்கவில்லை. ஓரத்தில், கடைசி பிளாக்கைத் தாண்டி, முந்திரி மரங்களுக்கு நடுவே கூரை போட்டுக்கொண்டு இருந்தோம். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு எடுத்த மண்தான் அது. என் வீட்டுக்காரருக்குக் கான்ட்ராக்டில் வேலை. கரி போகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடக்கும் கரியை அள்ளித் திரும்பப் பெல்ட்டில் போட வேண்டும். அவர் அள்ளிய கரியெல்லாம் கரண்டாகி ஊர் ஊராகப் போனது. எங்கள் கூரையில் மட்டும் சிம்னி விளக்கு. பொழுது சாய்ந்தால் டவுன்ஷிப் தெருக்களில் வரிசையாக லைட் எரிவதை வாசலில் நின்று பார்ப்போம். அந்த வெளிச்சத்தில் எங்கள் வீட்டு முருங்கை மரத்தின் நிழல்கூட விழும்.

மாதர் சங்கத்து அம்மாள்கள் இப்படி ஒரு வகுப்பு நடத்தப்போவதாகத் தண்ணீர்க் குழாயடியில்தான் கேள்விப்பட்டேன். தையல் வகுப்பு மாதிரி இது கரண்டு வகுப்பு. அஞ்சாவது படித்து, கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும். குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள். "பொடவயத் தார்ப்பாச்சிக் கட்டிகினு கம்பத்துல ஏறப்போறாளுங்கடி" என்றாள் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அவரிடம் மெல்லச் சொன்னேன்.

"சிம்னிக் கண்ணாடிய ஒடைக்காம தொடைக்கத் தெரியல, கரண்டு கத்துக்கப் போறியா?" என்றார்.

"நீங்கதான் கரிய அள்ளிப் போட்டுகினே இருக்கீங்க. அது பல்புல எப்பிடி வருதுன்னு நான் போயி பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாயிலிருந்து ஒரு பதில் வருவதே அபூர்வம். அதற்காகவே போய் வா என்று விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

வகுப்பு நடந்தது சமூகக் கூடத்துக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பழைய கட்டடத்தில். சொல்லிக்கொடுத்தவர் அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரிகல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் எங்களை அம்மிணி என்பார். முதல் நாள் ஒயரையும் காட்டவில்லை, சுவிட்சையும் காட்டவில்லை. மரப்பலகையில் இருந்த வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இதுதானுங் மொதப் பாடம். லைன்ல கைய வெக்கறதுக்கு முந்தி கட்டையப் புடுங்கோணும். புடுங்குன கட்டைய யாரு வேல பாக்கறாங்களோ அவிங்களேதான் வெச்சுக்கோணும். அண்ணந்தம்பி கேட்டாலும் குடுக்கக் கூடாது. அது உங்கட்ட இருக்கற வரைக்கும் எவனும் கரண்டு குடுக்க முடியாது. உங்க உசுரு அதுலதான் இருக்குதுன்னு வெச்சுக்கங்க அம்மிணி."

ஒருத்தி எழுந்து கேட்டாள், "எங்களுக்குப் பை இல்லியே மாஸ்டர், எங்க வெச்சிக்கிறது?"

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "சில்லறையக் கடைக்கு எப்புடிக் கொண்டு போறீங்?"

எல்லாரும் முந்தானையைக் காட்டினோம். அன்றிலிருந்து அது எங்கள் வகுப்பின் வழக்கமாகிவிட்டது. பியூஸ் கட்டையைப் பிடுங்கு, முந்தானையில் வை, இறுக்கி முடி, அப்புறம்தான் வேலை. புடவை நுனியில் அந்தக் கட்டை கனமாகத் தொங்கும். நடக்கும்போது முழங்காலில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் பயமில்லை என்று தெரியும்.

அந்த முடிச்சால் ஒரு கூத்தும் நடந்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சமூகக் கூடத்தின் பியூஸ் கட்டையை முந்தானையிலேயே முடிந்துகொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கூடத்தில் யாருக்கோ நிச்சயதார்த்தம். பொண்ணு வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கே போய், தறிச் சத்தத்துக்கு நடுவில் அவள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். புடவையைத் துவைக்கப் போட்டு, கட்டையைக் கிணற்றடியில் எடுத்து வைத்திருந்தாளாம். மறுநாள் அவர் திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு போனோம். "நிச்சயம் லேட்டாச்சு, ஆனா இந்த அம்மிணி பாசுங்" என்று சொல்லிவிட்டார். "கட்டைய யாருகிட்டயும் குடுக்காம ஊரு வரைக்கும் கொண்டு போயிருக்குது பாருங்." வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த வகுப்பில் ஒயரிங்கோடு கொஞ்சம் குளிர் மிஷின் பாடமும் இருந்தது. எங்கோ கழித்துப்போட்ட பழைய ஃப்ரிஜ் ஒன்றை மாஸ்டர் கொண்டுவந்து வைத்திருந்தார். அதற்கு முன் நான் ஃப்ரிஜ்ஜைத் தொட்டதில்லை. உள்ளே கையை விடச் சொன்னார். சில்லென்று இருந்தது. பின்பக்கம் போய் அந்தக் கறுப்புக் கம்பி வலையைத் தொடச் சொன்னார். சுட்டது.

"குளிர யாரும் உண்டாக்க முடியாதுங். உள்ள இருக்கற சூட்ட எடுத்து வெளிய தள்ளுது. அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். வீட்டில் போய் அவரிடமும் மகளிடமும் கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். அன்றைக்குத்தான் எனக்கு ஆசை வந்தது என்று நினைக்கிறேன். ஏதோ பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்வது போதாது, இந்த வேலையையே செய்ய வேண்டும், ஒரு மிஷின் நின்றுபோனால் என்னைக் கூப்பிட வேண்டும் என்கிற ஆசை.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அதனால் அக்கா என்பேன். அவள் வீட்டுக்காரர் பெர்மனென்ட். பிளாக்குக்குள் குவார்ட்டர்ஸ், வாசலில் செம்பருத்தி, உள்ளே ஃபேன். அவள் பத்தாவது படித்தவள். அப்படிப்பட்டவள் முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் ஒவ்வொருவரையும் யார், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவளே, "இவளுக்கு வெக்கம் மாஸ்டர். உள்ளூர்க்காரிதான். நான் விசாரிச்சுட்டேன்" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாள். அவள் என்னிடம் ஒன்றுமே விசாரித்திருக்கவில்லை.

அதிலிருந்து அப்படியே ஆகிவிட்டது. மாஸ்டர் கேள்வி கேட்டால் நான் அவள் காதில் பதில் சொல்வேன், அவள் சத்தமாகச் சொல்வாள். "இவ சொல்லுதா மாஸ்டர்" என்று என்னைக் காட்டிவிட்டுத்தான் சொல்வாள், அதையும் சொல்ல வேண்டும். மத்தியானம் அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய் சோறு போடுவாள். ஃபேன் காற்றில் நான் முதன்முதலாகப் படுத்தது அவள் வீட்டுச் சிமெண்ட் தரையில்தான். "தூங்குட்டி, எவன் கேக்கான்" என்பாள். என் மகளுக்கு அவள் பிள்ளைகளின் சட்டைகளைக் கொடுத்தாள். எனக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தேன்.

வேலையில் எங்களை ஜோடியாகப் பிரித்தார்கள். நாங்கள் இருவரும் ஒரு ஜோடி. அவளுக்கு உயரம் என்றால் பயம். ஏணியில் இரண்டாவது படிக்குமேல் ஏறமாட்டாள், கண்ணைக் கட்டுகிறது என்பாள். எனக்கு முந்திரி மரத்தில் ஏறி வளர்ந்த கால். அதனால் மேலே நான், கீழே அவள். ஒரு நாள் ஏறும்போது முந்தானை முடிச்சு ஏணிப் படியில் மாட்டிக்கொண்டது. கட்டை கனத்தில் புடவை இழுத்து, நான் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன். அவள் கீழிருந்து என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இறங்கியதும் இரண்டு பேரும் அழுதோம்.

"இனிமே கட்டைய எங்கிட்ட குடுத்துட்டு ஏறு. நீ முந்தானைய இடுப்புல சொருகிக்க. நான் என் முந்தானையில முடிஞ்சுக்கிடுதேன்" என்றாள்.

"மாஸ்டரு குடுக்கக் கூடாதுன்னாரேக்கா?"

"அண்ணந்தம்பிக்குத்தான் குடுக்கக் கூடாதுன்னாரு. நான் அக்காள்லா?"

அதன்பிறகு பிடுங்குவது நான், வைத்துக்கொள்வது அவள். மாஸ்டர் பார்த்திருக்கிறார். ஒருமுறை கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்து, "அம்மிணி, அது தப்புங்" என்றார். "இவ கீழ விழுந்தா நீங்களா தாங்குவீங்க மாஸ்டர்?" என்று அவள் கேட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு கேட்கவில்லை.

வகுப்பு முடிகிற சமயத்தில் சங்கத்து அம்மாள்கள் ஒரு சேதி சொன்னார்கள். வெளியூரிலிருந்து குளிர் மிஷின் சர்வீஸ் கான்ட்ராக்ட் எடுத்திருக்கும் ஒருவருக்கு ஒரு பெண் ஆள் வேண்டுமாம். பிரசவ வார்டு, பெண்கள் விடுதி மாதிரி இடங்களில் தண்ணீர் கூலரோ ஏசியோ நின்றுபோனால் ஆண்கள் உள்ளே போய் வேலை பார்ப்பது சங்கடமாக இருக்கிறதாம். ஒரு பெண்ணை எடுத்து, குளிர் மிஷின் வேலை முழுக்கக் கற்றுக்கொடுத்து, அப்படியே வேலைக்கும் வைத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு இடம். சோதனை வைத்துத்தான் எடுப்பார்கள்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை, என்னால் கேட்டிருக்கவும் முடியாது. "ஏட்டி, அந்த எடம் உனக்குத்தான். எனக்கு எதுக்கு? அவுக சம்பளம் வருது, நான் பொழுதுபோகாம வந்தவ. சோதனைக்கு உங்கூட வருவேன், ஜோடி வேணும்லா, அதுக்காக. கேள்வி கேட்டா வழக்கம்போல நான் பேசிக்கிடுதேன். நீ வேலையப் பாரு."

எங்கள் வீட்டில் அன்றைக்கு எவ்வளவு பேச்சு. மகள் கேட்டாள், "அப்ப நம்ப வூட்டுக்குக் கரண்டு வருமாம்மா?" அவர், "உன்ன கேட்டுக்குள்ள மரியாதையா வுடுவானுங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார். சங்கு ஊதியதும் வேலைக்குப் போகும்போது கேட்டில் கான்ட்ராக்ட் ஆட்களை எப்படி நடத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது.

சோதனை சமூகக் கூடத்துக்குள்ளேயே நடந்தது. கான்ட்ராக்ட்காரர் தரப்பில் ஒரு எஞ்சினியர் வந்திருந்தார். சங்கத்து அம்மாள்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், மற்ற ஜோடிப் பெண்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். மாஸ்டர் பியூஸ் பலகை ஓரமாக நின்றார். எங்கள் ஜோடிக்குக் கொடுத்த வேலை, கூடத்தின் நடுவில், கூரையில் ஒயர் வந்து சேரும் வட்டக் கட்டையான சீலிங் ரோஸ் எரிந்துபோயிருந்தது, அதைக் கழற்றி வேறு மாட்டி, ஃபேனுக்கு இணைப்புக் கொடுப்பது. கூரை உயரம். பெரிய ஏணி.

எஞ்சினியர் அந்த நேரத்தில் காபி வாங்கிக்கொண்டு ஒரு அம்மாளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் பலகைக்குப் போனேன். கட்டையைப் பிடுங்கினேன். பழக்கப்படி முந்தானையில் முடிந்தேன். டெஸ்டரை வைத்து ஒருதரம் பார்த்துக்கொண்டேன். ஏணிக்கு வந்ததும் அவள் வழக்கம்போல் கையை நீட்டினாள்.

"கொண்டா. பைய ஏறு."

மெதுவாக ஏறு என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நான் முடிச்சை அவிழ்த்துக் கட்டையைக் கொடுத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். பழைய ரோஸின் திருகுகளைக் கழற்றினேன். கை நடுங்கவே இல்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது திருகு துருப்பிடித்திருந்தது. அதைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதுதான் எஞ்சினியர் கீழே வந்து நின்றார்.

"என்னம்மா, பியூஸ் எடுத்துட்டுத்தான் ஏறினியா?"

தலையை ஆட்டினேன்.

"கட்டை எங்க?"

நான் கீழே அவளைப் பார்த்தேன். கேள்வி வந்தால் நான் பார்ப்பேன், அவள் பேசுவாள். இத்தனை மாதமாக அப்படித்தானே. அவள் முந்தானையை எடுத்து முடிச்சைக் காட்டினாள்.

"எங்கிட்ட இருக்கு சார்" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் போதும். நிறுத்தவில்லை. "அவ எடுக்காம ஏறிட்டா சார். மறந்துட்டா. நான்தான் ஓடிப்போய்ப் பிடுங்கி வச்சேன்."

எனக்கு முதலில் அது புரியவில்லை. வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன். எஞ்சினியர் அவளைப் பார்த்து, "நல்ல வேளைம்மா, ஒரு உயிரைக் காப்பாத்துன" என்றார். சங்கத்து அம்மாள் ஒருவர் "ஐயோ ஈசுவரா" என்று நெஞ்சில் கை வைத்தார். எஞ்சினியர் என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "நீ எறங்கும்மா. கரண்டுல மறதி இருக்கக் கூடாது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் சொன்னதைத்தான் அவர் நம்பினார்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். நான் பிடுங்கியபோது அவர் பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இரண்டு வார்த்தைதான் சொல்ல வேண்டும், நான்தான் எடுத்தேன் என்று. அத்தனை பேர் முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் அந்தத் துருப்பிடித்த திருகை வைத்துக்கொண்டு நின்றேன். மீதி வேலையை வேறு ஜோடியில் இருந்த ஒரு பெண் ஏறி முடித்தாள்.

அவளைத்தான் எடுத்தார்கள், என் அக்காவை. ஜாக்கிரதை உள்ளவள் என்று.

மறுநாள் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். தனியாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் பேச வரும். அவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் எடுத்தது உங்களுக்குத் தெரியும்ங்களே. நாங்க எப்பவும் எப்பிடிப் பண்ணுவோம்னும் தெரியும்ங்களே."

அவர் நிமிராமல் சொன்னார், "கட்டை யாரு கையில இருக்கோணும்னு நா சொல்லிக் குடுத்தனுங்?"

"என் கையில."

"நா வாயத் தொறந்திருந்தா, இத்தன நாளா நீங்க தப்பாப் பண்ணுனத நா பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்னு ஆயிருமுங்க அம்மிணி. அப்பறம் இந்தக் கிளாசு நடக்காது. உங்களுக்குப் பொறவு வார பொண்ணுங்களுக்கு இது வேணும் பாருங்."

அவர் சொன்னது ஒருவகையில் சரிதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. சரி என்றுகூடச் சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில், இலுப்பை மரத்தடியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் வரப்போகிற பெண்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். எதிரில் நின்றவள் தெரியவில்லை.

அவள் சில நாள் கழித்து எங்கள் கூரைக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே வந்ததே இல்லை. நான்தான் அவள் வீட்டுக்குப் போவேன். தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள், கையில் தூக்குவாளி. எங்கள் வீட்டில் உட்காரப் பலகைதான் இருந்தது. உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் வேணும்னு சொல்லல. அவரு அப்படித் திடீர்னு கேட்டதும் வாயில வந்துட்டு."

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

"நீயாவது அங்ஙனயே சொல்லியிருக்கலாம்லா? நான்தான் எடுத்து அவ கையில குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன இல்லன்னா சொல்லப் போறேன்? நீ ஊமை மாதிரி நின்னா நான் என்ன செய்ய?"

"எனக்கும் சேர்த்து நீதானக்கா பேசுவ" என்றேன்.

அவள் தூக்குவாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு அன்றைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போயிடலக்கா. ரெண்டு பேருமா போயி சொல்லிடலாம். நீ சொன்னா நம்புவாங்க" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் எண்ணினேன். உண்மையாகவே எண்ணினேன்.

"இனி எப்படிட்டி சொல்ல? அவுககிட்டச் சொல்லியாச்சு, ஊருக்கும் எழுதிப் போட்டாச்சு. எம் மாமியா மொத மொதல்லா என்னய மதிச்சுப் பேசுதா" என்றாள். அப்புறம் மெதுவாக, "எனக்கும் ஆசையா இருந்துச்சுட்டி" என்றாள்.

கூடத்தில் அவள் சொன்ன பொய்யை நான் மன்னித்திருப்பேன். பயத்தில் யாருக்கும் வாய் தவறும். என் அடுப்படியில் உட்கார்ந்து, யாரும் கேட்காத இடத்தில், யோசித்துச் சொன்ன இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொழுதுபோகாமல் வந்தவள் என்று அவளே சொன்னாளே. ஆசை இருந்தால் முன்னமே சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் நேராக மோதியிருப்போம், தோற்றாலும் பரவாயில்லை.

அவள் போனபிறகு தூக்குவாளியைத் திறந்து பார்த்தேன். புளியோதரை. மகளுக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மகள் சாப்பிட்டாள். நான் தொடவில்லை. வாளியைக் கழுவி, பிளாக் பக்கம் போகிற ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினேன்.

அதன்பிறகு நான் கான்ட்ராக்டில் தோட்ட வேலைக்குப் போனேன். டவுன்ஷிப் ரோட்டோரத்து மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாற்றுப் பை கட்டுவது. அவள் நீலக் கோட்டைப் புடவைமேல் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவதைப் பார்ப்பேன். அவளைக் கண்டால் நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன். தப்பு செய்தவள் நேராகப் போவாள், நான் ஒளிவேன். அது என் சுபாவம். கொஞ்ச காலம் கழித்து எங்கள் பக்கமும் கம்பம் நட்டு லைட் வந்தது. பக்கத்து வீடுகளில் பியூஸ் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். போய்க் கட்டையைப் பிடுங்கி, என் முந்தானையில் முடிந்துகொண்டு, கம்பி போட்டுத் தருவேன். "இங்க குடு ஆயி, நான் வெச்சிகினு இருக்கன்" என்று யாராவது கேட்டால் கொடுக்க மாட்டேன். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கரித்தூசி என்று சொன்னார்கள், பீடி என்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மத்தியான நேரம். வார்டுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மருந்து வைக்கும் அறையின் ஏசி மிஷினுடைய பின்பக்கம் அந்த வராந்தாவில்தான் நீட்டிக்கொண்டிருந்தது. சூட்டுக் காற்று என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தது. வேறு இடம் இல்லாததால் அங்கேயே இருந்தேன். திடீரென்று அது நின்றது. நர்ஸ் யாரையோ கூப்பிட்டு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவள் ஏணியோடு வந்தாள்.

தலை நரைத்திருந்தது. கூட யாரும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டு ஏணியைச் சுவரில் சாய்த்தாள். "அவுகளுக்கா?" என்று வார்டைக் காட்டிக் கேட்டாள். தலையை ஆட்டினேன். வராந்தாச் சுவரில் இருந்த பியூஸ் பெட்டியைத் திறந்து கட்டையைப் பிடுங்கினாள். ஏணிக்கு வந்தவள் மேலே பார்த்தாள். மிஷின் நல்ல உயரத்தில் இருந்தது. அவள் கால் பின்வாங்கியது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் அந்தப் பயத்தோடுதான் ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் பக்கம் திரும்பி, கட்டையை நீட்டினாள்.

"ஏட்டி, இதக் கொஞ்சம் வச்சுக்கிடு."

அவள் ஏன் என்னிடம் நீட்டினாள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரியா, இல்லை பழைய கைப்பழக்கமா, தெரியவில்லை. என் கை முந்தானைக்குப் போனது நிஜம். நுனியைப் பிடித்தும்விட்டேன்.

"உனக்குத்தான் கோட்டுல பை இருக்குதேக்கா" என்றேன்.

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். ஏணி ஆடியது. நான் எழுந்து போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மனசு ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். விழுந்தால் அடிபடும், அதற்காகப் பிடித்தேன். அவள் வேலையை முடித்து இறங்கிக் கட்டையை மாட்டினாள். மிஷின் ஓடத் தொடங்கியது, சூட்டுக் காற்று மறுபடி வந்தது. நான் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவள் வீட்டுக்காரர் ரிடையர் ஆகி, ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். சில இடங்களில் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. மாஸ்டர் குறிஞ்சிப்பாடிக்குப் போனது சைக்கிளிலா, யாருடைய ஸ்கூட்டரிலா என்று அந்த நெசவுக்காரப் பெண் இருந்தால் சொல்லலாம். நான் பாதி வழியில் நின்றது இலுப்பை மரமா, புங்க மரமா என்பதும் தெரியவில்லை. இதெல்லாம் தவறாக இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கூடத்தில் எங்கள் வகுப்புப் பெண்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், நான் பலகையில் கட்டையைப் பிடுங்கிய சமயத்தில் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டிருந்தாரா, அதற்கு முன்பே கழற்றிவிட்டாரா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது. மறுநாள் நான் கேட்டபோதும், பார்த்தேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே பார்க்கவில்லை என்றால், அந்த ஒரு வருத்தமாவது எனக்குக் குறையும். டீச்சரம்மாவிடம் சொன்னால் போதும், அவர் வந்து என்னிடம் சொல்லிவிடுவார்.